நகம் என்று பெயரெடுத்தவள்

"நகமும் சதையும் போல" என்று யாராவது என் காதுபடச் சொன்னால் இப்போதெல்லாம் எனக்குக் கெட்ட கோபம் வருகிறது. சொல்கிறவர்கள் என்னவோ இரண்டு பேர் தோள்மேல் கை போட்டுக்கொண்டு சிரிப்பதை நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள். ஒரு நகம் சதையை விட்டுப் பெயர்ந்து தனியாகக் கிடந்ததை அவர்கள் பார்த்திருக்கிறார்களா? நான் பார்த்தேன். சூடு ஆறாத வெள்ளைப் பெட்ஷீட்டின் நடுவில், என் உள்ளங்கைக்குப் பக்கத்தில் கிடந்தது. 

அந்த நகத்துக்குச் சொந்தக்காரியின் பெயரும் நகம்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, எங்கள் லாண்டரியில் வைத்த பெயர். ஊரில் உள்ள ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் எல்லாம் எங்களிடம்தான் வரும். துவைத்துப் பிழிந்த பெட்ஷீட்டை இரண்டு பேர் ஆளுக்கொரு மூலையாகப் பிடித்து, கொதிக்கக் கொதிக்க ஓடுகிற பெரிய உருளைக்குள் கொடுக்க வேண்டும். உள்ளே போனது மறுபக்கம் காய்ந்து, தேய்த்து, விறைப்பாக வெளியே வரும். மறுபக்கம் நின்று அதை வாங்கி மடிக்கிறவள் நான். எனக்கு 'மடிப்பு' என்று பெயர். இந்த லாண்டரியில் எவருக்கும் சொந்தப் பெயர் நிலைப்பதில்லை.

கொடுக்கும் பக்கம் நின்ற இருவரில் ஒருத்தி ஒல்லிக்குச்சி, விரல் ஒவ்வொன்றும் பென்சில் மாதிரி இருக்கும், பேச்சும் அப்படித்தான் குத்தும். இன்னொருத்தி நல்ல சதைப்பிடிப்பு. அவள் சிரித்தால் உருளையின் சத்தத்தையும் மீறி என் பக்கம் கேட்கும். எப்போதும் கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு அலைவதால் விசில் என்று நாங்கள் கூப்பிடுகிற மேற்பார்வையாளர் ஒருநாள், "ஏம்மா, நகமும் சதையும் மாதிரி ஒட்டிக்கிட்டே திரியறீங்களே, வீட்டுக்காவது தனித்தனியாப் போவீங்களா?" என்று கேட்டார். கேட்டது அவர், பிடித்துக்கொண்டது நாங்கள். அன்றிலிருந்து ஒல்லி நகம், குண்டு சதை. சதைக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். "என்னைப் பார்த்தா உங்களுக்கு வேற ஒண்ணும் தோணலையா?" என்று கேட்பாள், பிறகு அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள்.

வீட்டுக்குத் தனித்தனியாகப் போக அவர்களுக்கு வழியே இல்லை. சதை, நகத்தின் அண்ணன் மனைவி. நாத்தனாரும் அண்ணியும்! நகமும் சதையுமாம்! கேள்விப்பட்டபோது நான் நம்பவே இல்லை. என் நாத்தனார் என் வீட்டு வாசலை மிதித்தாலே எனக்குத் தலைவலி வந்துவிடும்.

நகத்துக்கு அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அண்ணன்தான் வளர்த்தான். அவன் கல்யாணம் செய்துகொண்டு வந்தபோது இவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். இருந்த ஒரே அண்ணனையும் எவளோ ஒருத்தி தட்டிப்பறித்துக்கொண்டாள் என்று இவளுக்கு அடங்காத ஆத்திரம். புதுப்பெண் முதல் நாள் வேலைக்குக் கிளம்பியபோது அவள் செருப்பை எடுத்து இவள் கூரைமேல் வீசிவிட்டாள். அண்ணி தேடினாள். பிறகு இவள் முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லாமல் அண்ணனின் பெரிய ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டு டப் டப்பென்று தெருவில் நடந்து போனாள். முக்கில் நின்று திரும்பி, "எப்படி இருக்கு என் நடை?" என்று கேட்டாளாம். "அன்னைக்கே நான் கவுந்துட்டேன்க்கா" என்று நகம் என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

அண்ணிதான் அவளை லாண்டரியில் சேர்த்துவிட்டாள். மாப்பிள்ளை பார்க்க வந்தபோது நகம் வாயைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்: குடித்தனம் இதே தெருவில் இருக்க வேண்டும். தெரு என்ன, கடைசியில் ஒரே வீட்டில் மாடியில் இவள், கீழே அவள். நகத்தின் புருஷன் வெல்டிங் வேலை செய்கிற சாது. "நான் கட்டிக்கிட்டது ஒருத்தியை, எனக்கு வந்து சேர்ந்தது ரெண்டு பேரு" என்பான். அவர்கள் மகள் முதலில் பேசிய வார்த்தை அம்மா இல்லை, அத்தை. அதற்கு மட்டும் நகம் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

சண்டை போடாமல் இருந்தார்களா என்றால், ஐயோ, தினமும்தான். ஜன்னலைத் திறப்பதில் சண்டை, மூடுவதில் சண்டை. ஆனால் உருளைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டால் இரண்டு பேருக்கும் ஒரே மூச்சு. மற்ற ஜோடிகள் "புடி, விரி, விடு" என்று கத்திக்கொண்டே இருப்பார்கள். இவர்கள் பேசிக்கொள்வதே இல்லை. அதாவது வேலையைப் பற்றிப் பேசுவதில்லை. மற்றபடி சதையின் வாய் ஓயாது.

டீ குடிக்கும் நேரத்தில் ஒருமுறை, 'நகமும் சதையும்' என்ற இந்தப் பேச்சு எங்கிருந்துதான் வந்தது என்று பெரிய வாதம் நடந்தது. மெக்கானிக் ஸ்பானர் சொன்னான், "நகம்தான் மூடி, சதைதான் டப்பா. மூடி இல்லாத டப்பா எதுக்கு உதவும்?" விசில் ஒத்துக்கொள்ளவில்லை. "மூடின்னா கழட்டி மாட்டலாம்யா. நகத்தை மாட்ட முடியுமா? சதை சோறு போடுது, நகம் வளருது, அதான் விஷயம்." உடனே சதை, "கேட்டுக்கோ, சோறு போடறது நான்தான்" என்று நாத்தனாரின் விலாவில் இடித்தாள். நகம் சும்மா இருப்பாளா? "உங்க சதையைக் காவல் காக்கறது யாரு? கதவு இடுக்குல கையை விட்டா முதல்ல அடி வாங்கறது யாரு?" என்றாள். நான் டீயைக் கொட்டிக்கொண்டு சிரித்தேன். யார் முதலில் சொன்னது, எப்போது சொன்னது என்று யாருக்கும் தெரியவில்லை. விசில் ஊதிவிட்டார், எழுந்து போனோம்.

விபத்து நடந்த மத்தியானம் சதை தன் புருஷன் குறட்டை விடும் அழகை உருளையைத் தாண்டி எனக்குக் கத்திக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஏய் மடிப்பு, கேளேன், பக்கத்து வீட்டு நாயே எழுந்து..." அதற்கு மேல் எனக்குக் கேட்டது அவள் குரல் இல்லை. நகத்தின் அலறல். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு, கை பட்டால் உருளை நின்றுவிடும். நின்றது. ஆனால் ஓட்டத்தில் இருப்பது கொஞ்சம் உருண்டுதானே நிற்கும்? அந்தக் கொஞ்சத்துக்குள் முடிந்துவிட்டது.

நான் சுற்றிக்கொண்டு ஓடினேன். நகம் கையை இழுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் பெட்ஷீட் மாதிரி வெளுத்திருந்தது. சதை அழுதுகொண்டே திட்டிக்கொண்டிருந்தாள். "ஏண்டி குறுக்க வந்தே? என் கையைத் தட்டிவிட்டுட்டு உன் கையை உள்ள விட்டிருக்கியே, உனக்கென்ன கண்ணு அவிஞ்சு போச்சா?"

"என் தப்புதான் அண்ணி. கண்ணு சொக்கிடுச்சு" என்றாள் நகம்.

மத்தியானம் சாப்பிட்ட பிறகும் சுறுசுறுப்பாக வேலை செய்கிறவள் அவள். அவளுக்காவது, கண் சொக்குவதாவது! ஆனால் அதையெல்லாம் யோசிக்கிற நிலையிலா நான் இருந்தேன்? ஸ்பானர் உருளையைத் தூக்கிவிட்டு, சிக்கிய பெட்ஷீட்டை என் பக்கத்திலிருந்து மெல்ல இழுக்கச் சொன்னான். இழுத்தேன். முதலில் ஒரு பழுப்புக் கறை வந்தது. அதற்குப் பின்னால், துணியோடு துணியாகத் தேய்ந்து ஒட்டிக்கொண்டு, முழுசாக ஒரு நகம். வேரோடு.  ஆண்டாண்டாகத் துணியைத் தடவிப் பழகிய கை, தானாகவே அதையும் தடவிவிட்டது, அதன் பிறகுதான் என்னவென்று எனக்குப் புரிந்தது. நான் போட்ட சத்தத்தில் துவைக்கும் பக்கத்து ஆட்கள் எல்லாம் ஓடி வந்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் நானும் சதையும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே மிச்சம் தொங்கிய இரண்டு நகங்களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் கதவைத் திறந்தபோது ஒரு கணம் நகத்தின் விரல் தெரிந்தது. நகம் இல்லாத விரல். சிவப்பாக, ஈரமாக, பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. அதன்மேல் காற்று பட்டதற்கே அவள் உடம்பு துள்ளியது. அப்போதுதான் எனக்குப் பொட்டில் அறைந்தாற்போல் விளங்கியது. இந்தப் பேச்சை முதலில் சொன்ன ஆள் டீ குடித்துக்கொண்டே சொல்லியிருக்க மாட்டான். நகம் வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் சொல்லியிருக்க மாட்டான். எங்கேயோ ஒருத்தன் கல்லிலோ கதவிலோ நகம் பெயர்ந்து உயிர் போகக் கத்தியிருக்கிறான். கத்தி முடித்த பிறகு, இது இவ்வளவு ஒட்டிக்கொண்டா இருந்தது என்று மலைத்துப் போயிருப்பான். ஒட்டிக்கொண்டிருக்கும்வரை யாருக்குத் தெரிகிறது?

இப்படி என்னென்னவோ நினைத்துக்கொண்டு சதையின் பக்கம் திரும்பினேன். அவள் அழுது முடித்து, பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கையைப் பார்த்தேன். கட்டைவிரலிலும் பக்கத்து இரண்டு விரல்களிலும் பெரிய பெரிய கொப்புளம். ஒன்று உடைந்து நீர் வழிந்து பெஞ்சில் சொட்டியிருந்தது. உடைந்த இடத்தையே அவள் இரும்பு விளிம்பில் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயையோ! உங்க கைக்கு என்னாச்சு?" என்றேன்.

"எந்தக் கைக்கு?" என்றாள்.

அவள் நடிக்கவில்லை. இடது கையைத் தூக்கிப் பார்த்தாள், பிறகு வலது கையை. வேறு யாருடைய கையையோ மடியில் வைத்துவிட்டுப் போன மாதிரி அதைப் பார்த்தாள். சட்டென்று மேலங்கிப் பைக்குள் செருகிக்கொண்டாள். "ஆவி பட்டிருக்கும். கொஞ்ச நாளா விரல் லேசா மரத்துப் போகுது, அவ்வளவுதான். நீ போய் விசில் காதுல ஊதிடாதே" என்றாள்.  லேசாகவா? தீக்கொப்புளம் உடைந்தது தெரியவில்லை, லேசாகவாம்!

மறுநாள் சாயங்காலம் நகத்தின் வீட்டு மாடிக்குப் போனேன். கையைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவைச் சாத்திவிட்டு நேராகவே கேட்டேன். "உன் கண்ணு சொக்கவே இல்ல. என்ன நடந்துச்சு? மழுப்பினே, எனக்குக் கெட்ட கோபம் வரும்."

தலையணைமேல் இருந்த கையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். அந்தப் பெட்ஷீட்டின் ஓரத்தில் தையல் விட்டு நூல் வளையமாகத் தொங்கியிருக்கிறது. அது அண்ணியின் விரலில் மாட்டிக்கொண்டது. துணி உள்ளே போகப் போக அண்ணியின் கையும் போனது. அண்ணி என்னோடு குறட்டைக் கதை பேசிக்கொண்டிருந்தாள். விரல் நுனி உருளையில் சுடுகிறது, அப்போதும் பேசிக்கொண்டே இருக்கிறாள். நகம் குறுக்கே பாய்ந்து அண்ணியின் மணிக்கட்டைத் தட்டி நூலை அறுத்தாள். அந்த வேகத்தில் அவளுடைய கை உள்ளே போய்விட்டது.

"விரல் சுட்டது அவங்களுக்குத் தெரியலையா?"

"தெரியலக்கா."

"ரொம்ப நாளாவா இப்படி?"

"ரொம்ப நாளா." டாக்டரிடமும் போயிருக்கிறார்கள். வருஷக்கணக்காகத் துணியை இறுக்கிப் பிடித்துப் பிடித்து மணிக்கட்டில் நரம்பு நசுங்கிவிட்டது, ஆபரேஷன் செய்ய வேண்டும், இனி அந்த மெஷின் பக்கமே போகக்கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார். வெளியே வந்ததும் அண்ணி இவள் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அண்ணனுக்குத் தெரியக்கூடாது, லாண்டரிக்குத் தெரியக்கூடாது. "மெஷினை விட்டுட்டு வீட்ல உங்க அண்ணன் மூஞ்சியைப் பார்த்துட்டு உட்காரச் சொல்றியா? அங்க நான் சிரிச்சா நாலு பேரு சிரிக்கறாங்க. இங்க யாருடி இருக்கா?" என்றாளாம்.

இவளும் வாயை மூடிக்கொண்டாள். மூடிக்கொண்டு என்ன செய்தாள் தெரியுமா? அண்ணியின் மூலையையும் தானே விரித்தாள். விட வேண்டிய நேரத்தில் தன் கையால் அவள் கையை லேசாகத் தட்டிவிட்டாள். டீ டம்ளர் சூடா என்று முதலில் தான் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். பொத்தான் போட்டுவிட்டாள், ஊசியில் நூல் கோத்தாள். அண்ணி கேட்பதற்கு முன்னாலேயே எல்லாம் நடந்துவிடும். நாங்கள் பார்த்தோம், "அடடா, என்ன பாசம்!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டோம்.

"அடிப்பாவி, எல்லார் கண்ணுலயும் மண்ணைத் தூவியிருக்கே!" என்றேன்.

"உங்க கண்ணுல தூவினது பெருசில்லக்கா" என்றாள்.  "அண்ணி கண்ணுலதான் தூவிட்டேன். எது கீழ விழுந்தாலும் அதுக்கு முன்னாடி நான் புடிச்சிட்டேன். எது சுட்டாலும் முன்னாடியே நகர்த்திட்டேன். அவங்க ஒண்ணைக் கூடத் தவற விடலையே, அப்புறம் எப்படித் தெரியும்? லேசா மரத்துப் போகுதுன்னு அவங்க பொய் சொல்லலக்கா. நிஜமாவே அவ்வளவுதான்னு நினைச்சிட்டிருக்காங்க."

 இப்படியும் ஒரு தப்பு உண்டா? வேறு எந்த நாத்தனாராவது இந்தத் தப்பைச் செய்வாளா? அன்புகெட்டவளாக இருந்திருந்தால் அண்ணிக்கு எப்போதோ ஒரு டம்ளர் கைதவறி, எப்போதோ ஒரு சூடு பட்டு, உண்மை தெரிந்திருக்கும்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. நகம் ஒப்புக்கொண்டபடி கவனக்குறைவு என்று எழுதினால் அவளை உருளையிலிருந்து எடுத்துவிடுவார்கள். சதைக்கு ஜோடியாகத் துவைக்கும் பக்கத்திலிருந்து வேறொருத்தி வருவாள். வருகிறவள் தன் மூலையைத்தான் பார்ப்பாள், அடுத்தவள் விரலையா பார்த்துக்கொண்டிருப்பாள்? அடுத்த தடவை நகத்தோடு போகாது, கையே போய்விடும். உண்மையைச் சொன்னாலோ, அண்ணி அன்றோடு வீட்டில். சத்தியத்தை மீறிக் காட்டிக்கொடுத்தவள் என்று காலத்துக்கும் இவள் முகத்தில் விழிக்க மாட்டாள்.

"சொல்லிடு" என்றேன் நான்.

"சொன்னேன்க்கா. நேத்து ராத்திரியே அண்ணிகிட்ட சொன்னேன். நம்பல. என்னை உருளையிலேர்ந்து எடுத்துடுவாங்கன்ற வயித்தெரிச்சல்ல பேசறேன்னு சொல்லிட்டு கீழ போயிட்டாங்க."

சதையா அப்படிச் சொன்னாள்? இவளைப் பார்த்தா?  கீழே இறங்கி வரும்போது அவள் கதவு சாத்தியிருந்தது. தட்டலாமா என்று நின்றேன். தட்டாமலே வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை விசில் விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார். உருளை ஓடவில்லை, சூடு ஏற ஆரம்பித்திருந்தது. சதை மேலங்கி மாட்டி, கொப்புளத்துக்கு மேல் கையுறை போட்டுத் தன் இடத்தில் தயாராக நின்றிருந்தாள். பக்கத்தில் நகத்துக்குப் பதிலாக வந்த புது ஆள். நகம் கட்டுப் போட்ட கையோடு வந்தாள். அண்ணியும் நாத்தனாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. இவர்களையா இப்படிப் பார்க்கிறேன் என்று என்னால் நம்ப முடியவில்லை.

"நடந்ததை உன் வாயால சொல்லும்மா. நான் மேல சொல்லணும்" என்றார் விசில்.

"அதான் கவனக்குறைவுன்னு அவளே சொல்லிட்டாளே. திரும்பத் திரும்ப என்ன?" என்றாள் சதை, நகம் வாயைத் திறப்பதற்குள்.

நகம் அவருக்குப் பதில் சொல்லவில்லை. நேராக அண்ணியிடம் போனாள். "அண்ணி, கையுறையைக் கழட்டிட்டுக் கையை இந்தப் பலகைமேல வைங்க. கண்ணை மூடிக்கோங்க."

"எதுக்குடி?"

"உங்களுக்கு ஒண்ணு கொண்டுவந்திருக்கேன்."

சதை விசிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நாத்தனார் சமாதானத்துக்கு வந்துவிட்டாள் என்று நினைத்திருக்க வேண்டும். அவள் முகம் அப்படியே மலர்ந்தது. கோபமெல்லாம் எங்கே போனதோ! கையுறையைக் கழற்றி, பெட்ஷீட் கொடுக்கும் மரப்பலகையில் உள்ளங்கை தெரிய வைத்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

நகம் தன் நல்ல கையை நீட்டி, அண்ணியின் அந்த மூன்று விரல்களையும் நுனியில் பிடித்துக்கொண்டாள்.

சதை சிரித்தபடி காத்திருந்தாள். "ம், குடு" என்றாள்.

நகம் இன்னும் இறுக்கிப் பிடித்தாள். அவளுடைய விரல் கணுக்கள் வெளுத்தன. கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்க அவளுக்கு வேறு கை இல்லை. விசில் ஏதோ சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். நான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"என்னடி விளையாட்டு இது? எவ்வளவு நேரம் கண்ணை மூடிட்டு நிக்கறது? குடுக்கறதா இருந்தா சீக்கிரம் குடு, வேலை கெடுது" என்றாள் சதை. இன்னும் ஒரு கணம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு கண்ணைத் திறந்தாள்.

பலகையைப் பார்த்தாள். நகத்தின் முகத்தைப் பார்த்தாள். மறுபடி பலகையைப் பார்த்தாள். சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது.

"எப்ப புடிச்சே?" என்று கேட்டாள்.

"அப்பவே புடிச்சிட்டேன் அண்ணி" என்றாள் நகம்.